பெட்ரோனெலாவின் கோபம்

இந்தோனேசியாவின் லெம்பாத்தா தீவில் கருவாட்டுக் கூடையோடு மலையேறி, மக்காச்சோளத்துக்கு மாற்றி வரும் பெண்களில் பெட்ரோனெலாவின் வாய்க்கு ஊரே கொஞ்சம் பயப்படும். ஜாவாவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ரெத்னோ என்ற பெண் இரண்டு வருஷம் தங்கியது அவள் வீட்டில்தான். கேட்டதற்கெல்லாம் பெட்ரோனெலா ஒளிக்காமல் பதில் சொன்னாள்.

ஒன்பது வருஷம் கழித்து ரெத்னோவின் புத்தகம் வந்தது. டீச்சர் வேலை பார்க்கும் மகள் லூசியா அடுப்படியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். அதில் மரியா என்று ஒருத்தி. கருவாட்டுக்காரி, புருவத்தில் தழும்பு. புருஷன் கைவிட்டுப் போனதிலிருந்து விதியே என்று வாய்மூடி வாழ்கிறவள்.

"யாருடி அந்தப் பாவப்பட்டவ?"

"நீதாம்மா."

அறுத்துக்கொண்டிருந்த மீனை பெட்ரோனெலா அப்படியே போட்டாள். குடித்துவிட்டு அடித்த புருஷனைத் துணிமூட்டையோடு படகுத்துறைவரை விரட்டியவள் அவள். அதை ரெத்னோவிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியும் இருந்தாள்.

அடுத்த மாதம் மாதாகோயில் மண்டபத்தில் புத்தகத்தைப் பற்றிப் பேச ரெத்னோ வந்தாள். பேசி முடித்ததும் பெட்ரோனெலா எழுந்து, தன் பெயரை ஏன் மாற்றினாய் என்று கேட்டாள். உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றாள் ரெத்னோ.

"யாருகிட்டேருந்து, தங்கச்சி? இங்க இருக்கற எல்லாருக்கும் அது நான்தான்னு தெரியும். பேரத்தான் எடுத்தே, சரி. என் கோபத்த எதுக்கு எடுத்தே?"

ரெத்னோ கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். பெட்ரோனெலாவின் நாத்தனார் சொன்னதை எழுதிவிட்டதாக ஒப்புக்கொண்டாள். அடுத்த பதிப்பில் திருத்துவதாகச் சொன்னதை பெட்ரோனெலா ஏற்கவில்லை.

"அவ சொன்னதும் இருக்கட்டும். நான் சொன்னது என் பேருல இருக்கணும். எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டு, அப்புறம் கப்பலேறு."

மூன்று நாள் அது நடந்தது. 'துயரத்தோடு' என்று வந்த இடத்திலெல்லாம் பெட்ரோனெலா நிறுத்தி, அந்தச் சொல்லை அடித்துவிடச் சொன்னாள். ஒருமுறை ரெத்னோ அழுதாள். பெட்ரோனெலா காப்பி போட்டுக் கொடுத்தாளே தவிர, ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயம் அவள் பெயரிலேயே வந்தது. சுரபாயாவிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதினாள்: முதல் பதிப்பின் மரியாதான் மனதை உருக்கினாளாம், இவள் நம்பும்படி இல்லையாம்.

பெட்ரோனெலா லூசியாவிடம் பதில் எழுதச் சொன்னாள்: "அந்த மரியாவ எனக்குத் தெரியாது. எங்கயாவது பாத்தீங்கன்னா, புருஷன வெரட்டச் சொல்லுங்க."