எட்டுப் பிள்ளைகளும் ஒரு பொம்மையும்

ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, கட்டிலில் படுத்துக் கிடக்கிற வேலை. அதுவரை நான் அற்றெண்டன். கூட்டுவேன், கழுவுவேன், வருத்தக்காரரைத் தூக்குவேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. அதையே இரண்டு தரம் படித்ததால் நாலாம் வகுப்பு என்று சொல்லிக்கொள்வேன். இதுகூட நான் சொல்ல மகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அது அவளுடையது.

மருதனார்மடம் சந்தியிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் உழக்கினால் எங்கள் ஆஸ்பத்திரி வரும். தாதிமாரை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். சண்டை தொடங்கிய பிறகு மிஸிமார் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஒருவர் லண்டன், ஒருவர் கனடா, இரண்டு பேர் கொழும்பு. தொண்ணூற்றொன்றில் பெண்கள் வாட்டுக்கு மிஞ்சியது ஒரேயொரு மிஸி. எங்கள் பெரிய டொக்டர் வாட்டைப் பூட்டுவதென்றே முடிவெடுத்துவிட்டார்.

அந்த நேரம்தான் கிறேஸ் மிஸி மஸ்கற்றிலிருந்து வந்தார். பத்து வருடம் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. தகப்பனுக்குச் சுகமில்லை என்று லீவில் வந்தவர், எங்கள் வாட்டை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு நேரே டொக்டரின் அறைக்குள் போனார்.

"டொக்டர், பூட்டாதேங்கோ. எட்டுப் பிள்ளையள் தாங்கோ. ஆறு மாதத்திலை வேலை பழக்கித் தாறன்."

"பழக்கினாப்போலை? நான் சோதினை வைப்பன். தேறினால் வாட்டு இருக்கும். இல்லையெண்டால் வாட்டைப் பூட்டித் திறப்பு என்ரை சட்டைப் பையுக்கை."

எட்டுப் பேரும் வந்தார்கள். பழகுவதற்கு ஆள் வேண்டுமே.

"அங்கை இதுக்கெண்டு பிளாஸ்ரிக் பொம்மை வைச்சிருக்கினம். சொன்னபடி கிடக்கும், கதைக்காது" என்று பெருமூச்சு விட்ட மிஸியின் கண் என்னில் வந்து நின்றது. "சின்னராசா, நீர் உதிலை ஏறிக் கிடவும்."

"சொன்னபடி கிடப்பன் மிஸி. கதைக்காமல் கிடக்கிறதுதான் கஷ்டம்."

அன்று தொடக்கம் நான் பொம்மை. என்னைப் புரட்டினார்கள், துடைத்தார்கள், நல்ல காலை முறிந்த காலென்று கட்டினார்கள். என் தலைக்கு ஒரே நாளில் எட்டுத் தரம் பண்டேஜ் சுற்றியிருக்கிறார்கள். என் மனிசிகூட என்னை அவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை. எழுது பிள்ளை, அம்மா ஒன்றும் சொல்லமாட்டா.

பிள்ளைகளில் பவானி என்று ஒருத்தி. மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்த குடும்பம். வேலையில் சுத்தமான கை, ஆனால் வாய் திறக்கமாட்டாள். டொக்டர் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பாள். ஒருநாள் அவள் நாடி பிடிக்கும்போது நான் நாக்கைத் தள்ளிச் செத்தவன்போலக் கிடந்தேன். பிள்ளை அலறிக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மிஸி சிரிக்கவில்லை. பவானியைக் கூட்டிவந்து திரும்ப என் கையைப் பிடிக்க வைத்தார்.

"வருத்தக்காரன் பகிடியும் விடுவான், பொய்யும் சொல்லுவான். வாயைக் கேள், நாடியை நம்பு. கண்டதை ஆர் முன்னாலையும் சொல்லு. மஸ்கற்றிலை நான் பிழையெண்டு கண்டால் பெரிய டொக்டருக்கும் சொல்லுவன். சொல்லாமல் விட்டால்தான் என்னைக் கேள்வி கேப்பினம்."

பவானி தலையாட்டினாள்.

சோதனைக்கு மிஸி நாள் குறித்தார். அவர் வேதக்காரர், யேசுவைக் கும்பிடுகிறவர். அது கந்தசஷ்டியின் ஆறாம் நாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு நல்லாய்த் தெரியும். பிள்ளைகள் தேற வேண்டுமென்று முருகனுக்கு நேர்த்தி வைத்து, முதல் நாளிலிருந்து மிளகும் தண்ணீருமாக விரதம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் தண்ணீரும் இல்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. மிஸி அறிந்தால் பிடித்துக் கஞ்சி பருக்கிவிடுவார் என்ற பயம்.

சோதனையில் படிப்பிப்பவர் வாய் திறக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. மிஸி யன்னலோரம் நின்றார். முதலாவது பவானி. நான் கட்டிலில் ஏறினேன். ஏறியதுதான் தெரியும். கூரை சுற்றியது. வேர்வை குளிராக ஓடியது. சொல்லுவோமென்றால் நாக்கு எழும்பவில்லை. பிறந்த நாள் முதல் ஓயாத வாய், தேவைப்பட்ட அன்றுதான் கைவிட்டது. காது மட்டும் கேட்டது.

"டொக்டர், நாடி நூற்றி இருபத்தெட்டு. நூல் மாதிரி ஓடுது. கை குளிர்ந்து போய்க் கிடக்கு."

"உவன் நடிக்கிறான், பிள்ளை. உவனை எனக்குப் பதினைஞ்சு வருசமாத் தெரியும். நீ பண்டேஜைக் கட்டு."

பிள்ளை பண்டேஜை எடுத்துக் கட்டினால் தேறிவிடுவாள், வாட்டும் தப்பும், நான்தான் தப்பமாட்டேன் என்று எனக்கு விளங்கியது. என் மணிக்கட்டில் இருந்த விரலை அவள் எடுக்கவில்லை.

"ஆளை உங்களுக்குத் தெரியும், டொக்டர். நாடி இப்ப என்ரை கையிலை கிடக்கு. நீங்களே பிடிச்சுப் பாருங்கோ."

சொல்லிக்கொண்டே என் காலை உயர்த்தித் தலையணையை அடியில் வைத்துவிட்டாள். டொக்டர் வந்து கையைப் பிடித்தார். அடுத்த நிமிடம் சத்தம் போட்டார்: "சேலைன் கொண்டுவாங்கோ! கெதியா!"

அரைப் போத்தல் ஏறிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"கடைசியா எப்ப சாப்பிட்டனீ?" டொக்டர் கேட்டார்.

"ஆறு நாளைக்கு முந்தி ஐயா. பிள்ளையள் பாஸ் பண்ண வேணுமெண்டு முருகனுக்கு நேத்தி."

அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மிஸி வெடித்தார். "பாஸ் பண்ணவோ? பெயில் பண்ணவோ ஐசே நேத்தி வைச்சனீர்?" திட்டத் திட்ட அவரின் கண்ணால் தண்ணீர் ஓடியது.

டொக்டர் பவானியை ஒருக்கால் பார்த்தார். "இவள் பாஸ். மற்ற ஏழு பேருக்கும் பொம்மை இல்லையே." பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் தானே ஏறிப் படுத்தார். "ஓம், வந்து கட்டுங்கோ. ஆனால் நான் சின்னராசா இல்லை, நோகாமல் கட்ட வேணும்."

ஏழு பேரும் தேறினார்கள். வாட்டுப் பூட்டப்படவில்லை. மிஸி லீவு முடிந்தும் மஸ்கற்றுக்குப் போகவில்லை. அடுத்த எட்டுப் பேரைக் கேட்டு வாங்கினார். அவர்களுக்கும் நான்தான் பொம்மை, ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் மிஸியின் கண்முன்னால் ஒரு கோப்பை கஞ்சி குடித்த பிறகு.

போன மாதம் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னப் பிள்ளை ஒருத்தி வந்தாள். வழக்கம்போல, "பிள்ளை, என்ரை நெஞ்சிலை ஒண்டுமில்லை, தலையிலையும் இல்லை" என்று தொடங்கினேன்.

"ஐயா, பகிடியைப் பிறகு விடுங்கோ. முதல் கையைத் தாங்கோ. நாடியைப் பிடிக்காமல் கதை கேட்டால் எங்கடை பெரிய மிஸி பவானி மேற்றன் என்னைக் கொல்லுவா."

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: கண்டதைச் சொல்லுங்கள், ஆர் முன்னால் என்றாலும். பவானியின் பேரைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.