இரண்டாவது 'அன்'

முப்பத்து மூன்றாம் வயதில் அவர் ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் சேர்ந்தார். ஆளுக்கு ஒரு பகுதி என்பது அங்கே ஏற்பாடு. பழைய அகராதியில் 'அன்' (un) என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் மெலிந்து கிடந்ததால், புதிதாக வந்தவர் தலையில் அவற்றைக் கட்டினார்கள். அன்றிலிருந்து உறவினர்களுக்கு அவர் 'அகராதி' ஆனார்.

"உனக்கென்னப்பா, எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு எழுதிட்டு நேரத்தோட வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

மூன்றாம் ஆண்டில்தான் சங்கதி விளங்கியது. 'அன்' ஒன்றல்ல, இரண்டு. 'அன்ஹாப்பி'யில் இருப்பது வெறும் மறுப்பு. லத்தீனின் 'இன்'னுக்கும் கிரேக்கத்தின் 'அ'வுக்கும் பங்காளி. 'அன்லாக்'கில் இருப்பதோ செய்ததைக் குலைப்பது. 'எதிரே' என்று பொருள்பட்ட வேறொரு பழஞ்சொல்லின் வழி வந்து, தேய்ந்து தேய்ந்து முதலாவதன் முகச்சாடையைப் பெற்றது. ஒரே வீட்டில் குடியிருந்தவர்களை உடன்பிறப்பென்று ஊர் நம்பிவிட்டது. எழுதி முடித்த சொற்களையெல்லாம் இரண்டு தலைப்பின் கீழ் அவர் மறுபடி பிரிக்கத் தொடங்கினார். எழுதியதை மாலையில் சமையலறை வாசலில் அமர்ந்து உரக்கப் படித்துச் சரிபார்ப்பார். மனைவி காய் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

கண்ணில் அழுத்தம் ஏறியது. மருத்துவர் அறுவைக்கு நாள் குறித்தார். பிறகு ஆறு மாதம் ஓய்வு என்றார். அலுவலகம் அவ்வளவு காலம் காத்திராது. அவர் நாளைத் தள்ளிப்போட்டார், மறுபடியும் தள்ளிப்போட்டார்.

"அகராதி பிடிச்ச மனுஷன்னு சும்மாவா சொன்னாங்க? கண்ணு போனா உங்க 'அன்' வந்து கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுமா?" என்றார் மனைவி.

"இன்னும் கொஞ்சந்தான்."

ஒரு கண் அணைந்த ஆண்டில் புதிய மேலாளர் வந்தார். காகித விலையைச் சொல்லி, 'அன்'னுக்கு ஒரே வரி போதும் என்றார்.

"பூட்டாத கதவும் பூட்டித் திறந்த கதவும் ஒண்ணில்லைங்க. ரெண்டாவதுக்கும் ஒரு வரி குடுங்க."

"ரெண்டுலயும் திருடன் ஒரே மாதிரிதான் சார் நுழைவான்."

அறையே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும், "சரி, போட்டுடலாம்" என்றார் மேலாளர். கேட்டவர் நம்பினார்.

நூல் வீடு வந்தபோது மற்றக் கண்ணும் போயிருந்தது. மனைவியைப் படிக்கச் சொன்னார். அவர் முதல் 'அன்'னை எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறிப் படித்தார். தாளை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு இரண்டாவதைத் தண்ணீர் பட்ட பாடாக, ஒரே மூச்சில் சொன்னார்: "செய்ததைக் குலைத்தல்; மூட்டையை அவிழ்த்தல் போல."

அந்த மூட்டை உதாரணத்தைக் கணவர் எப்போதோ அடித்துவிட்டு, பூட்டித் திறந்த கதவை எழுதியிருந்தார். ஆனால் அந்தத் திருத்தத்தை உரக்கப் படித்ததில்லை.

"அச்சு தெளிவா இருக்கா?" என்று கேட்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு."

"சரி. மூடி வை."

'அன்'னுக்கு உழைத்தது பத்தொன்பது ஆண்டுகள். அதன்பின் பார்வையின்றி வாழ்ந்தது பதினொன்று.