வைகாசியில் கட்டிய கொடும்பாவி

எங்கள் அம்மா ஊட்டிய சோறு எப்போதும் ஒரு கல் உப்பு கூடுதலாகக் கரிக்கும். குழம்பில் குற்றமில்லை, கரிப்பு அவள் விரலில். மரக்காணத்து உப்பளத்தில் விடியும் முன்னே பாத்தியில் இறங்கி உப்பு வாரி, வெயில் ஏறியதும் மூட்டை சுமந்து, பொழுது சாய வீடு வந்து, நாங்கள் ஒரு சேதியைச் சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போகிறவள் அவள். அப்பாவுக்கும் அதே அளம், அதே தூக்கம். எனக்கு எட்டு வயது, தங்கை செல்விக்கு ஐந்து. தாய் தகப்பன் இருந்தும் நாங்கள் பாதி அநாதைகளாக வளர்ந்தோம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் "உப்பு மூட்டை". பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு "உப்போ உப்பு" என்று கூவியபடி வீட்டைச் சுற்றி வருகிற, காலணா செலவில்லாத விளையாட்டு. பகலெல்லாம் நிஜ மூட்டை சுமந்தவளிடம் போய் அதைக் கேட்போம். "போங்கடி, முதுவு உட்டுப் போவுது. மழ நாள்ல தூக்கறேன்" என்பாள். சொன்ன சொல் தவறமாட்டாள். ஐப்பசியில் அளம் மூடிக் கிடக்கும்போது எங்களை மாற்றி மாற்றிச் சுமப்பாள். சேலையைக் கூடாரமாகக் கட்டி உள்ளே உட்கார்ந்து, புளியங்கொட்டையைக் கைக்குள் பொத்தி "ஒத்தையா, ரெட்டையா" கேட்பாள். அப்பா இடையில் புகுந்து கொட்டையைத் திருடுவார். அடுப்பில் கஞ்சி மட்டும்தான் இருக்கும். ஆனால் எங்களுக்குத் தீபாவளி அதுதான். மழை வந்தால் அம்மா கிடைப்பாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில், கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற பெரியம்மா ஊருக்குப் போயிருந்தேன். விவசாயம் பார்க்கிற ஊர், ஏரி வெடித்துக் கிடந்தது. வைக்கோலில் "கொடும்பாவி" என்று ஒரு பொம்மை கட்டி, தெருத் தெருவாக இழுத்து, மாரடித்து அழுது மழை கேட்டார்கள். எங்கள் தெருவிலோ உப்பு விளைகிற மாதங்களில் மழை என்று வாய்தவறிச் சொன்னாலே "வாயக் கழுவுடி" என்று அதட்டுவார்கள். ஒரு மழை போதும், பாத்தி உப்பெல்லாம் கரைந்து சேறாகிவிடும். அது தெரிந்தும்தான் செய்தேன். உப்பு யாரோ முதலாளியுடையது, அம்மா எங்களுடையவள். என் புத்தி அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு மத்தியானம், வைக்கோலும் அம்மாவின் கிழிந்த சேலைத் துண்டுமாகக் கொடும்பாவி கட்டினேன். செல்வி மாரடித்து அழ, நான் கொல்லையில் மூன்று சுற்று இழுத்தேன். பிறகு அதை விறகுக்கு அடியில் ஒளித்து வைத்தோம். நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

மூன்று நாள் விடவில்லை. அப்பா வாசலையே வெறித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காய்ந்த விறகு தேடிய அம்மாவின் கையில் கொடும்பாவி வந்தது. தன் சேலைத் துணியை அவளுக்குத் தெரியாதா? எங்களைப் பார்த்தாள். "வயித்துல அடிச்சிட்டீங்களேடி" என்றாள். அடிப்பாள் என்று நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் பொம்மையைப் பிய்த்து அடுப்பில் வைத்து, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். அப்புறம் குனிந்து உட்கார்ந்து, "யாரு மொதல்ல?" என்று கேட்டாள். அன்றைக்குப் போல அவள் எங்களைத் தூக்கிச் சுமந்ததே இல்லை.

அந்த வருஷம் அளத்தில் அதோடு வேலை முடிந்தது. எங்களைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். கலவைச் சட்டியோடு சாரத்திலிருந்து விழுந்த அம்மாவை ஆடியில் அப்பா பஸ்ஸில் கூட்டிவந்தார். உயிர் பிழைத்தாள், ஆனால் முதுகு போனது போனதுதான். அதற்குப் பிறகு வருஷம் முழுக்க அவள் வீட்டிலேயே இருந்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

மழைக்கும் எங்கள் பொம்மைக்கும் சம்பந்தமில்லை என்று படித்த எனக்குத் தெரியும். அம்மா என்ன நம்பினாள் என்று கேட்கத்தான் கடைசிவரை துணிச்சல் வரவில்லை. போன வருஷம் அவள் போய்விட்டாள்.

நான் இப்போது பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் பகலெல்லாம் நின்றபடி வேலை பார்க்கிறேன். வேலைக்குப் போகும் பெற்றோர் செலவில்லாமல் பிள்ளைகளோடு விளையாடப் பத்து வழிகள் என்று போனில் ஏதோ வந்தது. முதல் வழியே உப்பு மூட்டைதான். எழுதியவர் மூட்டை தூக்கியிருக்க மாட்டார். என் ஆறு வயது மகள் நேற்றும் முதுகில் ஏற வந்தாள். "கால் வலிக்குதுமா, நாளைக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மா, பெரிய மழ வந்தா கடைக்கு லீவு உடுவாங்களா?" என்று கேட்டாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன். பிறகு குனிந்து உட்கார்ந்து, "ஏறு" என்றேன்.