நான்கு எழுத்துக் குறுஞ்செய்தி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒஸ்லோவின் புறநகரான ஹவுகெட்டோவில் எரியாத ஒரு வீட்டை அணைக்க இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. அவற்றை வரவழைத்தவள் நான்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். ஒஸ்லோவுக்கு வந்து சில மாதங்கள்தான். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. நோர்வேஜிய மொழியும் பிடிபடவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்வது மாமாவின் பொறுப்பு. அதை அவர் அரசாங்க உத்தியோகம்போல ஒழுங்காகச் செய்தார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் என்னை என் தோழி இங்கிரிட்டின் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினார். எத்தனை மணிக்கு வருவாய் என்று சற்று நேரத்தில் ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பினார். ஒரே சொல்லில் பதில் போட்டேன். கைபேசியைக் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நிலவறைக்கு விளையாடப் போனோம். அதன்பிறகு அவர் பதினொரு தடவை அழைத்தது எனக்குக் கேட்கவில்லை.

திடீரென்று வாசல் கதவு உடைவதுபோல் இடிபட்டது. இங்கிரிட்டின் அம்மா ஓடிப்போய்த் திறந்தார். தொப்பியில்லாமல், வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்த மாமா நின்றார். கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு போர்வை.

"பிள்ளை எங்கை? பிள்ளை எங்கை?"

பிறகு ஆங்கிலத்தில், நெருப்பு, நெருப்பு என்று கத்தினார். இங்கிரிட்டின் அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். அதுதான் சங்கடமாகப் போயிற்று. எங்களைக் காலுறையோடு வெளியே இழுத்துப்போட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்தார். மாமா அந்த ஈரப் போர்வையை என் தலையோடு போர்த்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் குளிரில் அலறினேன். நெருப்புச் சுட்டுத்தான் அலறுகிறேன் என்று அவர் இன்னும் இறுக்கினார்.

தீயணைப்பு வீரர்கள் அறை அறையாகத் தேடிவிட்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவர் நெருப்பைக் கண்டது யார் என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். மாமாவின் பெயரையும் அடையாள அட்டையையும் கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அடையாளக் காட் வீட்டை இருக்கெண்டு சொல்லு, பிள்ளை." மாமாவின் குரல் இறங்கியது. "பொலிசுக்கு அறிவிப்பினமோ எண்டு கேள்."

அதை நான் கேட்கவில்லை. மாமா நீட்டிய கைபேசித் திரையைப் பார்த்துவிட்டிருந்தேன். என்னுடைய பதில்: எஃப், ஐ, ஆர், ஈ. நோர்வேஜிய மொழியில் அதை 'ஃபீரெ' என்று படிப்போம், நான்கு என்று பொருள். நான்கு மணிக்கு வருகிறேன் என்றுதான் எழுதியிருந்தேன். ஆங்கில ஆசிரியர் அதை ஆங்கிலமாகப் படித்துவிட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம். மாமா தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அந்த மனிதர் குறிப்பேட்டில் எழுதினார். எழுதும் கையையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இங்கிரிட்டின் அம்மா கைபேசியை வாங்கிப் பார்த்தார். "ஃபீரெ?" என்று என்னை நோக்கினார். நான் தலையாட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். மூத்த வீரர் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கிவிட்டு மாமாவின் தோளில் தட்டினார். மாமா சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. அம்மா வந்ததும் நானே எல்லாவற்றையும் ஒப்புவித்து, ஏச்சுக்காகக் காத்து நின்றேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. சமையலறையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "இஞ்சை அப்பிடி ஒண்டும் நடக்காது, தம்பி. இஞ்சை ஆரும் வீட்டைக் கொளுத்த மாட்டினம்."

நோர்வே வீடுகளின் பாதுகாப்பில்தான் மாமாவுக்குச் சந்தேகம் என்று நினைத்தேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், பள்ளியில் படிப்பித்திருந்தார்கள்.

"ஓம் மாமா. எல்லா அறையிலையும் புகைமணி இருக்கு. அப்பா போன கிழமைதான் பற்றரி மாத்தினவர்."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப பயமில்லை," என்றார்.

அவருடைய பயத்தைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு நான் வீட்டுப்பாடம் செய்யப் போனேன்.