கை கோக்காத சங்கிலி

இளையபெருமாள் செஞ்சி கடைத்தெருவில் கோவிந்தராஜ் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை தூக்கினான். விடியும்போது சேரியிலிருந்து வந்தால் விளக்கு வைக்கும்போது திரும்புவான். அவன் முதுகில் ஏறி இறங்கிய மூட்டைக்கு யாரும் தண்ணீர் தெளித்ததில்லை. மூட்டைக்கு ஒட்டாத தீட்டு மனுஷனுக்கு மட்டும் எப்படி ஒட்டும் என்று கேட்டால் பதில் சொல்ல அந்தத் தெருவில் ஆள் கிடையாது. கேட்கவும் ஆள் கிடையாது.

மூட்டை சுமந்து சுமந்து அவனுக்கு மூச்சு நீண்டிருந்தது. சடுகுடுவில் அதுதான் முதல் சொத்து. நடுக்கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் போகிறவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு அறுந்தால் அவன் அவுட். அதற்குள் யாரையாவது தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிட்டால் தொடப்பட்டவன் அவுட். எதிராளிகள் அவனைப் பிடித்து அமுக்கி, மூச்சு தீரும்வரை கோட்டைத் தொட விடக்கூடாது. பிடித்தும் அவன் கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்கள் எல்லோரும் அவுட். தொடாமல், பிடிக்காமல் சடுகுடு கிடையாது. அப்படிப்பட்ட ஆட்டத்தை அந்த ஊர்க்காரர்கள் உயிராக நினைத்தார்கள் என்றால், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அவனை டீமில் சேர்த்தவன் முதலாளி மகன் துரைராஜ். கேப்டனும் அவனே. திண்டிவனத்துக்காரர்களிடம் வருஷா வருஷம் தோற்று வெறுத்துப் போயிருந்தான்.

“அவன் ஏறிப்போயி தொடறதும் எதிராளிய, அவனப் புடிக்கறதும் எதிராளி. நமக்கு இன்னாபா வந்துது?” என்று மற்றவர்களைச் சரிக்கட்டினான்.

ராஜகிரி அடிவாரத்தில் சாயங்காலங்களில் ஆட்டம் பழகினார்கள். இளையபெருமாள் பாடிப் போனால் ஆளாளுக்கு ஒதுங்குவார்கள். அவனும் திரும்பி வந்துவிடுவான். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒதுங்குகிறவர்களை ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா என்று அவனுக்கு மட்டும் உறுத்தியது.

எதிராளி பாடி வரும்போது கை கோத்துச் சங்கிலியாக நிற்பது அவர்கள் வழக்கம். உள்ளே நுழைந்தவனை வளைத்துப் பிடிக்க அந்தச் சங்கிலிதான் வேலி. இடது பக்கத்தில் துரைராஜ் நிற்பான். அவனுக்கு அப்பால், கோடியில், ஒரு முழம் தள்ளி இளையபெருமாள் நிற்பான். அந்த ஒரு முழத்தை யாரும் இடைவெளியாகவே நினைக்கவில்லை. தெருவில் விடுகிற இடத்தை மைதானத்திலும் விட்டார்கள், அவ்வளவுதான்.

இளையபெருமாள் மட்டும் அதை நினைக்காத நாள் இல்லை. ஆட்டத்தின் சூட்டில், மறந்தாவது, பக்கத்துக் கை ஒரு நாள் தன் கையைப் பிடிக்கும் என்று காத்திருந்தான். திண்டிவனத்தை ஜெயிப்பதைவிட அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

சித்திரையில் திண்டிவனத்து டீம் செஞ்சிக்கு வந்தது. கோவிந்தராஜ் கொள்முதலுக்காக அனந்தபுரம் போயிருந்தார். மற்றபடி கடைத்தெருவே மைதானத்தைச் சுற்றி நின்றது. இளையபெருமாள் பாடிப் போய் ஆளை அவுட் ஆக்கிக்கொண்டு வந்தபோதெல்லாம் விசில் பறந்தது. ஆனால் திண்டிவனத்தில் தனகோட்டி என்று ஒருத்தன் இருந்தான். வெளியூர்க் கண்ணுக்கு அந்த ஒரு முழம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பாடி வரும்போதெல்லாம் நேராக அந்த இடைவெளியில் புகுந்து, துரைராஜ் பக்கத்து ஆட்களைத் தொட்டுவிட்டு, வந்த வழியே போனான்.

பாதி ஆட்டம் முடிந்து ஓய்வு விட்டார்கள். பாத்திரக்கடை சிங்காரவேலு, “அந்தக் கோடிதான் ஓட்டை. இவனால வந்துது,” என்றான். யாரால் வந்தது என்று கேட்க இளையபெருமாளுக்கு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டான்.

துரைராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஒரு முனையை நீட்டினான்.

“பெருமாளு, இந்த முனைய நீ புடி. அந்த முனைய நான் புடிச்சுக்கறேன். சங்கிலி ஆயிடும்.”

இளையபெருமாள் அந்தத் துண்டையே பார்த்தான். கெட்ட எண்ணத்தில் நீட்டியதில்லை என்று தெரிந்தது. அதனாலேயே நெஞ்சு அதிகமாக எரிந்தது.

“வேணாம் சின்ன மொதலாளி. மாட்டத்தான் கவுத்துல புடிப்பாங்க. நான் தனியாவே நிக்கறேன்.”

ஆட்டம் முடியும் நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. செஞ்சியில் நாலு பேர் மிச்சம்: துரைராஜ், சிங்காரவேலு, பாண்டுரங்கன், இளையபெருமாள். கடைசியாகத் தனகோட்டி பாடி வந்தான். அவனைப் பிடித்தால் செஞ்சிக்கு ஜெயிப்பு, விட்டால் தோல்வி. அவன் வழக்கம்போல அந்த இடைவெளியில் காலை வைத்தான். இளையபெருமாள் மண்ணில் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். இரண்டு பேரும் விழுந்தார்கள்.

தனகோட்டி பாட்டை விடவில்லை. கையை ஊன்றி, இளையபெருமாளையும் இழுத்துக்கொண்டு, கோட்டை நோக்கி நகர்ந்தான். இளையபெருமாள் அவன் கால்மேல் குறுக்கே கிடந்தான். மேலே ஒருத்தன் விழுந்து அமுக்கினால் போதும், தனகோட்டியால் நகர முடியாது. சிங்காரவேலு குனிந்தான், நிமிர்ந்துகொண்டான். பாண்டுரங்கன் அசையவே இல்லை. இளையபெருமாள் முகத்தைத் திருப்பித் துரைராஜைப் பார்த்தான். துரைராஜ் ஓர் அடி முன்னால் வந்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

தனகோட்டியின் விரல் கோட்டைத் தொட்டது. அம்பயர் விசில் ஊதினார். பிடித்தவன் அவுட் என்பது ரூல். பிடித்தவன் ஒருத்தன்தான்.

தனகோட்டி எழுந்து, மண்ணில் கிடந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

“நல்ல புடி. உங்க ஆளுங்க ஏன் சும்மா நின்னுட்டாங்க?”

அன்று இளையபெருமாள் கையைப் பிடித்தது அந்த எதிராளி ஒருத்தன்தான் என்பது அவனை அழ வைத்தது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் மண்டிக்கு வெளியே துரைராஜ் அவன் வரும்வரை காத்திருந்தான். ஆள் இல்லாத நேரம் பார்த்து மெல்லச் சொன்னான்.

“துண்டப் புடிச்சிருந்தா ஜெயிச்சிருக்கலாம் பெருமாளு.”

“கையக் குடுத்திருந்தாலும் ஜெயிச்சிருக்கலாம்.”

துரைராஜ் வாசலைப் பார்த்தான். உள்ளே அவன் அப்பா கோவிந்தராஜ் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார்.

“அவன் கையத் தொட்டியாடான்னு நைனா கேட்டா நான் இன்னாடா சொல்றது?”

இளையபெருமாள் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.

“ஜெயிச்சுட்டோம்னு சொல்லியிருக்கலாம்,” என்றான்.