பச்சையில் வராத எண்

நேற்று காந்திபுரம் சிக்னலில் நின்றபோது, எதிரே ஒரு துணிக்கடையின் பெரிய எல்இடி திரையில் நீலப் புடவை ஒன்று ஓடியது. அதன் மூலையில் ஒரு சதுரம் மட்டும் செம்பழுப்பாய் மங்கிக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "பச்சை போட்டாச்சுங்க, வண்டிய எடுங்க" என்று பின்னாலிருந்து மனைவி இடித்தாள்.

மங்கின விளக்கைக் கண்டால் எனக்குப் பல்லடம்தான் ஞாபகம் வரும். டிப்ளமோ முடித்துவிட்டு, கணபதியில் டிஸ்ப்ளே போர்டு செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் சேர்ந்த புதிது. பல்லடத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு டோக்கன் போர்டு கேட்டிருந்தார்கள். மூன்று டாக்டர்கள்; சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வரிசை எண்கள். மின்சாரத்தை அளந்து விட ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும் என்பது பாடத்திலேயே உண்டு. நானோ மூன்றுக்கும் பொதுவாக ஒன்றே போதுமென்று முடிவு செய்து, மேதையைப் போல உலவிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த மகேஸ்வரி சால்டரிங் வைத்துக்கொண்டே கேட்டாள்: "மூணையும் ஒண்ணா எரியவுட்டுப் பாத்தீங்களா?"

"ஒவ்வொண்ணாப் பாத்துட்டனுங்க. எல்லாமே பளிச்சுன்னு இருக்குது."

போர்டு மாட்டிய மறுநாள் எட்டிப் பார்க்கப் போனேன். பாராட்டு வாங்கத்தான், வேறென்ன. பெண்ணொருத்தி குழந்தையைத் தோளில் சாய்த்தபடி என்னை நிறுத்தினாள்.

"ஏனுங்க, எம்பட நம்பர் பச்சையில வரும்னாங்க. காத்தாலிருந்து பாக்கறனுங்க, செவப்பு மட்டுந்தான் தெரியுது."

நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு ஜொலித்தது. பச்சை இருப்பதே சந்தேகம். நீலம் அணைந்தே கிடந்தது. சிவப்பு குறைந்த வோல்டேஜிலேயே எரியும். பொதுவழியில் வந்த மின்சாரத்தை அதுவே முந்திக் குடித்துவிட்டது. குழந்தையைத் தொட்டேன், அனலாய்க் கொதித்தது. அவள் எண் எப்போதோ கடந்துபோயிருந்தது. சாப்பிட எழுந்துவிட்ட டாக்டரிடம், "தப்பு என்னுதுங்க, போர்டு சரியில்லீங்க" என்று கெஞ்சி உள்ளே விட்டேன். ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கும்வரை அங்கேயே படுக்க வைத்தார்கள். நான் வெளியிலேயே காத்திருந்தேன். மாலையில் வெளியே வந்தவள், "கண்ணு முழிச்சுட்டானுங்க" என்றாள். திட்டவே இல்லை.

மூன்று நிறத்துக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போட்டு, சரிசமமாக மின்சாரம் விட்டு, நாலாம் நாள் மறுபடி மாட்டினோம். மகேஸ்வரியும் கூட வந்திருந்தாள். குழந்தையை மறுபடி டாக்டரிடம் காட்டிப் போக வந்திருந்த அந்தப் பெண் கடைசி நாற்காலியில் இருந்தாள். "அங்கிருந்து எப்படித் தெரியுதுங்க?" என்று மகேஸ்வரி கேட்டாள்.

"நல்லாத் தெரியுதுங்க. ஆனா பச்சை கண்ணைக் குத்துது அம்மணி."

மீட்டரில் மூன்றும் சமம்; கண்ணுக்குச் சமமில்லை. பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தோம், அவள் "போதுமுங்க" என்கிறவரை. எனக்குத் தொழில் கைவந்தது அன்றைக்குத்தான். மகேஸ்வரியையும் அந்தப் பெண்ணையும் நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.

அந்த போர்டு இப்போது இல்லை. டோக்கன் போனுக்கே வந்துவிடுகிறது. திரைகளில் எந்த நிறத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று சிப்பே அளந்து விடுகிறது. எங்கள் தொழிலில் இனி யாரும், கடைசி நாற்காலியில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்க் கண்ணைக் கடன் கேட்பதில்லை.