ஏ.சி. தண்ணீர் வாளி

போன வாரம் அந்தோணி ஆஸ்பத்திரியிலிருந்து ரூமுக்குத் திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டது இதுதான்.

"இந்தப் பாலைவனத்துல கொசு எங்கருந்து அண்ணாச்சி வந்துச்சு?"

நான் கஞ்சியை ஆற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்தோணி தூத்துக்குடிக்காரர். துபாய் அல் கூஸில், தொழிலாளர் கேம்ப்பில் என் ரூம்மேட். எனக்குப் பகல் டூட்டி, அவருக்கு நைட் டூட்டி. நான் கிளம்பும்போது அவர் வந்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துப் படுப்பார்.

அந்த ஜன்னலுக்கு வெளியேதான் ஏ.சி. பைப் சொட்டும். அதன் கீழே ஒரு வாளி வைத்திருந்தேன். சுத்தமான தண்ணீர்... யூனிஃபார்ம் ஊறவைக்க அருமையாக இருக்கும். வாளி வைக்கக் கூடாது என்று கேம்ப்பில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நோட்டீஸை யார் படிக்கிறார்கள்?

பெரிய மழைக்குப் பிறகு பக்கத்து பிளாக்கில் இரண்டு பேருக்கு டெங்கு. கொசு மருந்து அடிப்பவர் ரூம் ரூமாக வந்தார். எங்காவது தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். புது ஆளைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருக்கிறது என்றால் எங்கே, எதற்கு என்று விளக்க வேண்டும். கேம்ப்பை நிர்வகிக்கும் பாஸ் வேறு வந்து கத்துவார்.

"மாஃபி, பாய்," என்றேன்.

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு அரபிச் சொல். கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட வசதி உண்டா? அவர் அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டார்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் அந்தோணி காய்ச்சலில் விழுந்தார். ஊருக்குக் கிளம்ப நான்கே நாள் இருந்தது. மகளுக்குப் புதுநன்மை — கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்காக இரண்டு வருடம் லீவு எடுக்காமல் இருந்தவர். டெங்கு, பிளேட்லெட் இறங்கிவிட்டது, விமானம் ஏறக் கூடாது என்றார் டாக்டர். இங்கே வாங்கிய வெள்ளை கவுன் பெட்டியிலேயே கிடந்தது. மகள் யாரிடமோ இரவல் வாங்கிய கவுனில் நிற்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்தார்.

மருந்து அடிப்பவர் மறுபடி வந்தபோது நானே வாளியைக் காட்டினேன். அவ்வப்போது கொட்டிவிடுவேனே என்று இழுத்தேன். அவர் திட்டவில்லை. வாளியின் உள்பக்கத்தைக் காட்டினார். சுவரோடு ஒட்டிய கரும்புள்ளிகள். முட்டைகளாம். கொட்டினாலும் போகாது, காய்ந்தாலும் சாகாது... தேய்த்துக் கழுவ வேண்டுமாம். இன்னொன்றும் சொன்னார் — இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும்.

எங்கள் ரூமில் பகலில் இருப்பவர் யார்?

வேறு வாளிக் கொசுவாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. வாளி வைத்த என்னை ஒன்றுகூடக் கடிக்கவில்லையே.

அந்தோணி ரூமுக்குத் திரும்பிய அன்று, அவர் கஞ்சியைக் குடித்து முடித்ததும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க மட்டும் இல்லன்னா எம்பாடு என்னாயிருக்கும் அண்ணாச்சி?"

டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வந்துவிட்டேன்.

நான் வாராவாரம் பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியை அந்தோணி ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர்.